கடல் பக்கத்திலேயே இருந்தும் சென்னை ஏன் மூழ்குகிறது?

[திரையில்: பள்ளிக்கரணை, மேலிருந்து]

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலிருந்து நேர் கிழக்கே போனால் கடல் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே தேங்கும் மழைநீர் கிழக்கே போவதே இல்லை. ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கித் தெற்கே திரும்புகிறது. கடலை ஒட்டியபடியே பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி, முட்டுக்காட்டில்தான் கடலைத் தொடுகிறது. குறுக்கே நிற்பது நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கத்து மணல்மேடு.

சரி, பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். சென்னை கிட்டத்தட்டத் தட்டையான ஊர். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல், அதாவது உபரிநீர் வெளியேறும் வழி, வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அந்தச் சங்கிலியை நாம்தான் அறுத்தோம். மாம்பலம் ஏரி 1920களில் தியாகராய நகர் ஆனது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே போகிறது. 2015 டிசம்பரில் அது மூழ்கியபோது ஊரே ஆச்சரியப்பட்டது. ஆறு மட்டும் ஆச்சரியப்பட்டிருக்காது.

அந்த வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். லிட்டரில் சொன்னால் வினாடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். யார் எப்போது மதகைத் திறந்தார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அதற்குள் போகப் போவதில்லை. எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

[திரையில்: மெரினா, அலைகள்]

மணல்! நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருடத்தின் பெரும்பகுதியில் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதில் முட்டி, தெற்குப் பக்கம் குவிந்தது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். நாம் சுண்டல் சாப்பிடும் இடத்தில் ஒரு காலத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா? வடக்கே ராயபுரம் பக்கம் நேர்மாறாக நடந்தது. வர வேண்டிய மணல் வரவில்லை, கடல் கரையைத் தின்றது. நமக்கு மெரினாவைக் கொடுத்த அதே சுவருக்கு, அங்கே வீடு இழந்த மீனவர்கள் விலை கொடுத்தார்கள். வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதையை யாருமே சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கடுப்பு.

ஏன் சொல்ல வேண்டும் என்கிறீர்களா? அதே மணல்தான் கூவம், அடையாறு முகத்துவாரங்களையும் அடைக்கிறது. மழை இல்லாத மாதங்களில் ஆற்றில் ஓட்டம் கிடையாது. கடலின் ஏற்ற இறக்கமும் சுமார் ஒரு மீட்டர்தான், மணலை அள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு அதில் வலு இல்லை. திட்டு வளர்ந்து வாயை மூடிவிடும். இயந்திரம் வைத்துத் தோண்டினாலும் அலை திரும்பவும் கொண்டுவந்து கொட்டும். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் சுவரான தூண்டில் வளைவு போட்டால் ஓரளவு தாங்கும், ஆனால் அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பு தொடங்கிவிடும். ராயபுரம் கதையின் சின்னப் பதிப்பு!

இப்போது புயலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபடி மழையைக் கொட்டியது. புயல் பக்கத்தில் இருந்தால் கடல்மட்டமே உயரும். கடல் நிமிர்ந்து நிற்கும்போது ஆறு எங்கே போகும்? வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மழை விட்ட பிறகும் தண்ணீர் நின்றது.

அதனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் திட்டுங்கள். முகத்துவாரத்தைக் கவனிக்காமல் தெருவுக்குத் தெரு வடிகால் கட்டினால், அடைத்த வாயை நோக்கித் தண்ணீரை இன்னும் வேகமாக அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

"அப்போ நேராக ஒரு கால்வாய் வெட்டிக் கடலில் விட்டுவிடலாமே?" என்று நிச்சயம் யாராவது கேட்பீர்கள். அந்தப் புது வாயையும் மணல் மூடும். அது போக, 2019 ஜூலையில் தண்ணீர் இல்லாமல் தவித்த இதே ஊருக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததை மறந்துவிட்டீர்களா? தண்ணீர் நின்று நிதானமாக நிலத்துக்குள் இறங்க இடம் வேண்டும். அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தது பள்ளிக்கரணைதான். அதற்குள்ளேயே பெருங்குடி குப்பைமேட்டை வளர்த்தோம், சுற்றிலும் கட்டடங்களை எழுப்பினோம். மிச்சமிருந்த பகுதிக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான சர்வதேச அங்கீகாரம், கிடைத்தது. அதன் எல்லையை நிலத்தில் கல் நட்டுக் காட்ட வேண்டும், வரைபடத்தில் கோடு போட்டால் போதாது.

ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்கள் தெருவில் விழும் மழை எந்த வாய் வழியாகக் கடலுக்குப் போகிறது? எண்ணூரா, கூவமா, அடையாறா, முட்டுக்காடா? வரைபடத்தில் தேடிப் பார்த்து கமெண்டில் போடுங்கள். எண்ணூர் ஆட்கள் கொஞ்சம் பொறுங்கள், கொசஸ்தலையாறு அடுத்த வீடியோவில்.