லைட்ரூம் பேக்கப்: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

வணக்கம் நேயர்களே. ஸ்டுடியோ வச்சிருக்கவங்க, வீட்லயே உக்காந்து கல்யாண ஆல்பம் எடிட் பண்றவங்கன்னு நெறைய பேர் போட்டோ எடிட் பண்ற லைட்ரூம் கிளாசிக் சாஃப்ட்வேரை யூஸ் பண்றீங்க, அதுல கேட்டலாக் பேக்கப்னு ஒண்ணு சத்தமில்லாம டிஸ்க்கை அடைச்சுக்கிட்டே வருது, இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப்போறேன்.

லைட்ரூம்ல நீங்க வெளிச்சம் கூட்டுங்க, ஸ்கின் டோன் மாத்துங்க, கேமரா எடுத்த ஒரிஜினல் ரா ஃபைல் அப்படியேதான் இருக்கும். பண்ணின வேலை, போட்ட ஸ்டார், பிரிச்ச கலெக்‌ஷன் எல்லாமே எல்ஆர்கேட்னு (.lrcat) முடியற ஒரு டேட்டாபேஸ் ஃபைலுக்குள்ள போயிடும், அதுதான் கேட்டலாக். அது கெட்டா போட்டோ இருக்கும், ஆனா ராத்திரி கண்ணு முழிச்சுப் பண்ணின வேலை போயிடும். அதனாலதான் மூடும்போது பேக்கப் எடுக்கட்டுமான்னு அது கேக்குது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும், அந்த பேக்கப்ல உங்க போட்டோ எதுவும் இருக்காது, கேட்டலாக் மட்டும்தான், போட்டோவுக்கு தனியா காப்பி எடுத்தே ஆகணும்.

சரி, பிரச்சனை எங்க வருதுன்னா, லைட்ரூம் புதுசு புதுசா பேக்கப் எடுக்குமே தவிர நீங்க சொல்லாம பழசை அழிக்காது. ஒரு பேக்கப் 500 எம்பின்னு வைங்க, வாரம் ஒண்ணு எடுத்தா வருஷத்துக்கு 52, கிட்டத்தட்ட 26 ஜிபி. பேக்கப்ஸ் ஃபோல்டரைத் திறந்தா தேதியும் நேரமும் பேரா வச்சு வரிசையா ஃபோல்டர் நிக்கும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு ஜிப் ஃபைல். 2015ல வந்த லைட்ரூம் 6க்கு முன்னாடி எடுத்ததெல்லாம் ஜிப் ஆகாம முழு சைஸ்லயே கிடக்கும், இடம் வேணும்னா மொதல்ல அங்க பாருங்க. எக்ஸ்ப்ளோரர்லயோ ஃபைண்டர்லயோ போய் அந்தத் தேதி ஃபோல்டரை அப்படியே டெலீட் பண்ணலாம், லைட்ரூமுக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா டெலீட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. இது நான் நெறைய பேர்கிட்ட பாத்தது. எப்பவோ கேட்டலாக் தகராறு பண்ணிருக்கும், அவசரத்துல பேக்கப்ஸ் ஃபோல்டருக்குள்ளயே ஜிப்பை விரிச்சு, அங்கயே டபுள் கிளிக் பண்ணித் திறந்து வேலை பாத்திருப்பாங்க, லைட்ரூமும் அடுத்த தடவை கடைசியா திறந்ததையே திறக்கும், அப்படியே மாசக்கணக்குல வேலை அதுலதான் ஓடும். இப்ப பழைய தேதி போட்ட ஃபோல்டர்னு நெனச்சு அழிச்சா போறது இன்னிக்கு வேலை பாத்துட்டிருக்கிற கேட்டலாக்! அதனால எடிட் மெனுல கேட்டலாக் செட்டிங்ஸ் போங்க, மேக்ல லைட்ரூம் கிளாசிக் மெனுல இருக்கும், ஜெனரல்ல லொகேஷன்னு ஒரு வரி வரும், அதுல பேக்கப்ஸ்னு இருந்தா எதையும் அழிக்காதீங்க. லைட்ரூமை மூடிட்டு அந்த எல்ஆர்கேட்டையும் அதே பேர்ல தொடங்கற மத்த ஃபைல், ஃபோல்டர் எல்லாத்தையும் வேற நல்ல ஃபோல்டருக்கு மாத்தி அங்கேர்ந்து திறங்க.

எத்தனை வச்சுக்கணும்னு கேப்பீங்க. கடைசி ஒரு மாசத்துது எல்லாமே இருக்கட்டும், அதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கு மாசம் ஒண்ணு, ஒவ்வொரு பெரிய வெர்ஷன் அப்கிரேடுக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணு, எனக்கு இது போதும்னு தோணுது. புதுசு மட்டும் இருந்தா போதாதான்னா, போதாது, ஒரு கலெக்‌ஷன் கை தவறி அழிஞ்சது மூணு மாசம் கழிச்சு கஸ்டமர் ஆல்பம் கேக்கும்போதுதான் தெரியும், அப்ப நேத்து எடுத்த பேக்கப்லயும் அது இருக்காது. எடிட்டை போட்டோ பக்கத்துலயே எக்ஸ்எம்பின்னு தனி ஃபைலா எழுதறோமே அது போதாதான்னும் சிலர் கேக்கறாங்க, அதுல கலெக்‌ஷனும் வராது, விர்ச்சுவல் காப்பியும், அதாவது ஒரே போட்டோவுக்கு லைட்ரூமுக்குள்ள வச்சுக்கற இன்னொரு எடிட்டும், வராது.

அப்புறம், வச்சுக்கப்போற ஜிப்ல ஒண்ணை டெஸ்க்டாப்ல விரிச்சு திறந்து பாருங்க, பாத்துட்டு மறக்காம நீங்க வழக்கமா வேலை பாக்கற கேட்டலாக்குக்கே திரும்பிடுங்க. நீங்க மாத்தலைன்னா பேக்கப் கேட்டலாக் பக்கத்துலயே, அதே டிஸ்க்லதான் போய் விழும், டிஸ்க் போனா ரெண்டும் சேந்து போகும். மூடும்போது வர்ற அந்த பேக்கப் பாக்ஸ்லயே இடம் மாத்தற பட்டன் இருக்கு, இன்னிக்கு சாயங்காலம் லைட்ரூமை மூடறப்பவே ஒரு எக்ஸ்டர்னல் டிரைவை சொருகி அங்க மாத்திவிடுங்க. கேட்டதுக்கு நன்றி, வணக்கம்.