இன்ஜெக்சனுக்கு மாற்றும் பழைய எஞ்சினுக்கு எந்த வெப்பச் சென்சர்?

[காட்சி: மாங்குளத்தில் ஒரு வீட்டு முற்றம். வேப்பமர நிழலில் பொனற் திறந்தபடி ஒரு பழைய கொறோலா.]

வணக்கம். காபரேற்றரைக் கழற்றிவிட்டு, கணினி சொல்லும் அளவில் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்சன் பூட்டுகிறவர்கள் பம்பையும் இன்ஜெக்டரையும் தெரிவுசெய்யப் பல நாள் யோசிக்கிறார்கள். எஞ்சினின் சூட்டைக் கணினிக்குச் சொல்லும் சென்சரை மட்டும் கடையில் எடுத்துத் தந்தபடியே வாங்கி வருகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் முழுமையாக ஆவியாவதில்லை என்பதால், அது சூடேறும்வரை கூடுதலாகக் கொடுக்கவேண்டும். காபரேற்றரில் அந்த வேலையைச் சோக் செய்கிறது. வன்னியில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிதளவு பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் போதிய சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று ஓட்டுநரின் காதும் கையும் கணித்த சூட்டை இன்று சென்சர் அளக்கிறது.

[காட்சி: உள்ளங்கையில் இரண்டு சென்சர்கள், அருகருகே.]

இவற்றின் உள்ளே இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு மணி. ஆனால் எவ்வளவு குறையும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பொஷ் நிறுவனத்தின் பரவலான வகை 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓம் காட்டும். ஜெனரல் மோட்டர்ஸ் வகை அதே சூட்டில் 3,500 ஓம் அளவில் காட்டும். 80 பாகையிலோ முன்னது 323, பின்னது 332. மெகாஸ்குவேட் போன்ற கணினிகள், வேறு சொல்லாவிட்டால், பூட்டியிருப்பது ஜெனரல் மோட்டர்ஸ் வகை என்றே கணக்குப் போடும்.

நான் பூட்டியது பொஷ் வகை; ஆனால் எத்தனை ஓமுக்கு எத்தனை பாகை என்று கணினி பார்க்கும் அட்டவணையை மாற்றவில்லை. தை மாத விடியற்காலையில், இரவு முழுவதும் நின்ற வாகனத்தில், எஞ்சின் உறிஞ்சும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சர் 24 பாகை என்றது, எஞ்சின் சென்சர் 31 என்றது. ஆறிய எஞ்சினில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். இளஞ்சூடாக இருக்கிறேன் என்று நம்பிய கணினி பெற்றோலைக் குறைத்துக் கொடுத்ததால், எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மத்தியானத்தில் ஒரு குறையும் தெரியவில்லை, ஏனெனில் சூட்டில் இரண்டு வகைகளும் ஏறத்தாழ ஒன்றே.

[காட்சி: ஐஸ் நிரம்பிய கோப்பை, அதில் தொங்கும் சென்சர், மல்ரிமீற்றர்.]

ஆகவே பெயரழிந்த, பாவித்த சென்சர் ஒன்று கையில் இருந்தால், அதைக் கொதிநீரில் மட்டும் போட்டுப் பார்ப்பதால் வகை பிடிபடாது. 100 பாகையில் ஒன்று 186, மற்றது 177 ஓம். முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவருபவரின் பெட்டியிலிருந்து ஒரு பிடி ஐஸ் வாங்கி, நொறுக்கி, தண்ணீர் விட்டுக் கலக்கி, நுனியை ஐந்து நிமிடம் வையுங்கள். 5,900 ஓம் அளவில் நின்றால் பொஷ் வகை. 9,400ஐ நெருங்கினால் ஜெனரல் மோட்டர்ஸ் வகை. இரண்டிலும் சேராவிட்டாலும் வீசிவிடவேண்டாம். ஐஸ், அறைச் சூடு, கொதிநீர் ஆகிய மூன்றிலும் அளந்த எண்களை மென்பொருளில் கொடுத்தால், அட்டவணையை அதுவே அமைத்துக்கொள்ளும். என் தெரிவு எப்போதும் எண்கள் தெரிந்த சென்சர்தான்; பெட்டியில் அச்சடித்த பெயர் அதற்குப் பிறகே.

[காட்சி: இரண்டு முனைக் கொனெக்ரர், கணினிவரை செல்லும் வயர்.]

இரண்டு முனை உள்ளதையே வாங்குங்கள். டாஷ்போட்டின் சூட்டுமானிக்கான ஒற்றை முனைச் சென்சர் எஞ்சின் உடலையே ஏர்த் ஆகக் கொள்ளும். 80 பாகைக்கு மேல் ஒரு பாகை வேறுபாடு, கணினி படிக்கும் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 0.01 வோல்ற் மட்டுமே என்பதால், விசிறி சுழலத் தொடங்கும்போது ஏர்த்தில் 0.1 வோல்ற் பிசகினாலே வாசிப்பு பத்துப் பாகையளவு தவறிவிடும். கச்சான் வீசும் ஆடி மாத வெயிலில் விசிறியைப் போடுவதும் நிறுத்துவதும் இதே வாசிப்பை நம்பித்தான். எனவே இரண்டாவது வயரைக் கணினியின் சென்சர் ஏர்த் முனைக்கே கொண்டுசெல்லவேண்டும்.

புரியைப் பற்றி ஒரு சொல். யப்பானிய எஞ்சின்களின் அரைக்கால் (1/8) அங்குலப் புரி அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்கப் புரி 27. முதலிரண்டு சுற்று ஏறுவதால் ஏமாந்து இறுக்கினால் அலுமினிய உறை வெடிக்கும். லேத்தில் ஓர் அடப்ரர் கடைந்து எடுப்பதற்கு அவ்வளவு செலவாகாது.

[காட்சி: தேமோஸ்ரற் உறை. கீழே, வெள்ளை படிந்த பழைய சென்சர்.]

பூட்டும் இடம் சிலிண்டர் ஹெட்டுக்கும், சூடேறியபின் திறந்து நீரை றேடியேற்றருக்கு விடும் வால்வான தேமோஸ்ரற்றுக்கும் இடையில், நீரோட்டத்தில் நுனி முழுவதும் மூழ்கும்படி இருக்கட்டும். தேமோஸ்ரற்றைத் தாண்டிப் பூட்டினால், அது திறக்கும்வரை எஞ்சின் ஆறியிருப்பதாகவே கணினி எண்ணி, பெற்றோலை அள்ளி ஊற்றும். றேடியேற்றருக்குக் கிணற்று நீரையும் விடவேண்டாம். நம் கேத்தில்களின் அடியில் இறுகும் அதே வெள்ளைப் படிவுதான் இந்தச் சென்சரின் நுனியில் இருக்கிறது. இதைச் சுரண்டி எடுத்தபின், அதே கொதிநீரில், முன்பைவிட விரைவாக மல்ரிமீற்றரில் ஓம் இறங்குவதைப் பாருங்கள்.