ஒரு வாரம் என் குப்பைய நானே எண்ணிப் பாத்தேன் | கடலூர் டு பாண்டி காலேஜ் வ்லாக்

ஹாய் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க. நான் இப்ப நம்ம கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல உக்காந்திருக்கேன், காலையில ஆறேகால் ஆகுது, காத்து கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க. ஏழரைக்கு பாண்டி பஸ் புடிக்கணும், அதுக்குள்ள இந்த வீடியோவ முடிச்சிடறேன்.

புதுசா வந்தவங்களுக்கு சொல்லிடறேன், நான் கெமிஸ்ட்ரி மூணாவது வருஷம், வீடு மஞ்சக்குப்பம் பக்கம், காலேஜ் பாண்டியில, டெய்லி பஸ்லதான் போய்ட்டு வரேன். போன வீடியோவுல நெறைய பேர் கேட்டிருந்தீங்க, காலேஜ் படிச்சிட்டே சுற்றுச்சூழலுக்கு நல்ல பழக்கம் எல்லாம் எப்படி கொண்டு வர்றது, எதையாவது லிங்க் போடுங்க வாங்கிக்கறோம்னு. நான் லிங்க் எதுவும் போடப் போறதில்ல, ஏன்னா இதுக்கு முதல்ல எதையும் வாங்கவே தேவையில்ல. முதல்ல எண்ணணும், அவ்ளோதான். நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

எதுக்கு ஆரம்பிச்சேன்னா, 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரைய கடந்துச்சு இல்லையா, அதுக்கப்புறம் சாத்தனூர் டேம் தண்ணிய தெறந்து விட்டதுல நம்ம பெண்ணையாத்துல வெள்ளம் வந்து ஊருக்குள்ள எல்லாம் பூந்துடுச்சு. தண்ணி வடிஞ்சதும் தாழங்குடா பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்கு அரிசி, போர்வையெல்லாம் எடுத்துட்டுப் போனோம். ஆத்தங்கரையில இருக்கற சீமைக்கருவேல முள்ளு ஒவ்வொன்னுலயும் கவர் கவரா தொங்குது, என் தலைக்கு மேல ரெண்டு அடி உயரத்துல. தண்ணி அவ்ளோ உயரம் வந்திருக்கு. அதுல ஒரு கவர் என் கண்ணு மட்டத்துல இருந்துச்சு, சின்ன கவர், வாயில நூல் சுத்துன முடிச்சு அப்படியே இருக்கு, சட்னி கவர். அத நான் கையில எடுத்துப் பாத்தேன், நூல் கூட அவுரல. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து நான் சாப்ட்டதும் பார்சல் இட்லிதான், அதே மாதிரி கவர்தான், அத பிரிக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சரி, எண்ணுறது எப்படின்னு சொல்றேன். வீட்ல ஒரு பழைய அரிசி சாக்கு எடுத்து மாடிப்படி ஓரமா வெச்சேன். ஒரு வாரம் என் கையால வாங்கின, வீட்டுக்கு சேத்து நான் போய் வாங்கிட்டு வந்தது உட்பட, ஒரு தடவ யூஸ் பண்ணி தூக்கிப் போடற எல்லாத்தையும் கழுவி அதுல போட்டேன். வெளியில டீ குடிச்சா அந்த கப்ப கூட பேக்ல போட்டு எடுத்துட்டு வந்துடுவேன். ஞாயித்துக்கெழம மொட்டமாடியில கொட்டி வகைவகையா பிரிச்சு வெச்சேன். சாம்பார் சட்னி குருமா கவர் 22, கேரி பேக் 11, டீ கப் 10, தண்ணி பாட்டில் 3, பால் பாக்கெட் 14, சிப்ஸ் பிஸ்கட் கவர் 8. மொத்தம் 68. ஒரே ஆளு, ஒரே வாரம். எங்க ஆயா மாடிக்கு வந்து பாத்துட்டு, "இது எத்தினி நாள் குப்பை?"ன்னு கேட்டாங்க, ஒரு வாரம்னு சொன்னதும் ஒன்னும் பேசாம அங்கியே உக்காந்துட்டாங்க.

நான் முன்னாடி என்ன நெனச்சிட்டு இருந்தேன்னா ஸ்ட்ராதான் பெரிய பிரச்சனைன்னு, ஏன்னா எல்லா வீடியோலயும் அதத்தான் காட்டுவாங்க. என் சாக்குல ஒரு ஸ்ட்ரா கூட இல்ல! என்னோட பிரச்சனை சாம்பார் கவர். உங்களுக்கு வேற எதாவது இருக்கும், ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு ஷாம்பு சாஷேவா இருக்கலாம், ஆன்லைன் ஆர்டர் டப்பாவா இருக்கலாம், எண்ணாம தெரியாது. எது அதிகமோ அத ஒன்ன மட்டும் மொதல்ல கைல எடுங்க.

சாம்பாருக்கு நான் என்ன பண்ணேன்னா, வீட்ல பரண் மேல எங்க ஆயாவோட எவர்சில்வர் தூக்கு ரெண்டு இருந்துச்சு, அந்தக் காலத்துல வயலுக்கு கஞ்சி எடுத்துட்டுப் போன தூக்காம், அடியில அவங்க பேர் வெட்டியிருக்கு. அத புளி போட்டு தேச்சு எடுத்தேன். மொத நாள் நாங்க வழக்கமா வாங்கற ஓட்டல்ல நீட்டினேன், பார்சல் கட்டற அண்ணா வாங்கவே யோசிச்சாரு. எனக்கு அப்ப சங்கடமா இருந்துச்சு, ஆனா அவர் சொன்ன காரணம் நியாயமான காரணம், "கவர்னா அளவு தெரியும் பாப்பா, இதுல எவ்ளோ ஊத்தறதுன்னு தெரியாது, கம்மியா இருக்குன்னு நாளைக்கு சண்டைக்கு வருவாங்க"ன்னாரு. நான் "ரெண்டு கரண்டி சாம்பார், ஒரு கரண்டி சட்னி போதும்ணா, நான் கேக்கவே மாட்டேன்"னு சொன்னேன். அவ்ளோதான், ஊத்திக் குடுத்துட்டாரு. இப்ப நான் படியேறும்போதே கைய நீட்டிடறாரு.

இதுல பழகின சில விஷயம் சொல்லிடறேன், இதெல்லாம் தெரியாமதான் நெறைய பேர் ரெண்டே நாள்ல விட்டுடறாங்க. ராத்திரி எட்டரை மணி கூட்டத்துல போய் தூக்க நீட்டாதீங்க, அவங்களுக்கு நிக்க நேரம் இருக்காது, ஏழரைக்கே போங்க. பில்லு போடும்போதே பாத்திரம் இருக்குன்னு சொல்லிடணும், எல்லாத்தையும் கட்டினதுக்கு அப்புறம் சொன்னா அந்த கவர் வீணாத்தான் போகும். இட்லிக்கு தனியா ஒரு அகல டப்பா, உள்ள ஒரு வாழ இலை துண்டு போட்டுக்கோங்க, ஒட்டாது. அப்புறம் தூக்கு கொதிக்கக் கொதிக்க இருக்கும், கைப்பிடியில ஒரு கர்சீப்ப சுத்திக்கோங்க, நான் ஒரு தடவ வெரல சுட்டுக்கிட்டேன்.

டீ கப் பத்தி ஒன்னு சொல்லணும், எங்க கிளாஸ்ல நெறைய பேர் பேப்பர் கப்தானே, மக்கிடும்னு நெனைக்கறாங்க. வெறும் பேப்பர்ல சூடா டீ ஊத்தினா ஊறிப் போயிடும்ல, அது ஊறாம இருக்கறதுக்கு உள்ள மெல்லிசா பாலிஎத்திலீன்ங்கற பிளாஸ்டிக் பூச்சு இருக்கு. ஒரு கப்ப தண்ணில ஒரு ராத்திரி ஊற வெச்சு காலையில பேப்பர உரிச்சுப் பாருங்க, அந்த படலம் தனியா கைக்கு வரும், நான் லேப்ல பண்ணிக் காட்டினேன், பாத்த அன்னிக்கே ரெண்டு பேர் கண்ணாடி கிளாசுக்கு மாறிட்டாங்க. நம்ம தமிழ்நாட்ல 2019 ஜனவரி 1-லேர்ந்து தடை பண்ண 14 பொருள்ல இந்த பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் இருக்கு, கேரி பேக் எவ்ளோ தடிமனா இருந்தாலும் அதுவும் இருக்கு. சட்டம் வந்து இத்தன வருஷம் ஆச்சு, கடையில கேட்டா இன்னமும் குடுக்கறாங்க, நாமளும் கேக்கறோம், அதுதான் எனக்கு வருத்தம்.

கேரி பேக்குக்கு பதிலா புதுசா துணிப்பை வாங்காதீங்க ப்ளீஸ். பருத்தி விளையவும் சாயம் ஏத்தவும் ஏகப்பட்ட தண்ணி செலவாகுது, ஒரு துணிப்பைய வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப யூஸ் பண்ணாதான் அதுக்கு அர்த்தமே. எங்க வீட்டு பீரோல கல்யாணத்துல குடுத்த தாம்பூலப் பையே 23 இருந்துச்சு. அதுல ஒன்ன காலேஜ் பேக்ல, ஒன்ன அம்மாவோட வண்டி டிக்கியில, ஒன்ன வாசல்ல செருப்பு ஸ்டாண்டு மேல வெச்சுட்டேன். செருப்பு போடாம யாரும் கடைக்குப் போக மாட்டோம்ல, அதனால அங்க.

அடுத்து தண்ணி. எங்க டிபார்ட்மென்ட் மாடியில கை கழுவற இடத்துல ஒரு குழாய் ஒழுகிட்டே இருந்துச்சு, ஆபீஸ்ல மூணு தடவ சொல்லியாச்சு, பாக்கறேன் பாக்கறேன்னுதான் பதில். அப்பவும் எண்ணிப் பாக்கலாம்னு தோணுச்சு. லேப்லேர்ந்து ஒரு லிட்டர் பீக்கர் எடுத்துட்டுப் போய் கீழ வெச்சேன், போன்ல டைமர் போட்டேன், 15 நிமிஷத்துல ரொம்பிடுச்சு. அப்ப ஒரு மணி நேரத்துக்கு 4 லிட்டர், ஒரு நாளைக்கு 96 லிட்டர். சொட்டுச் சொட்டா பாக்கும்போது அது 96 லிட்டர்னு தெரியவே தெரியாது மக்களே. ஒரு பக்கெட் 20 லிட்டர்னா கிட்டத்தட்ட அஞ்சு பக்கெட், அஞ்சு பேர் குளிக்கலாம். அந்த கணக்க ஒரு தாள்ல எழுதி, பீக்கர் போட்டோவோட மேடம்கிட்ட குடுத்தேன், மறுநாள் பிளம்பர் வந்தாரு, வாஷர்தான் தேஞ்சு போயிருந்துச்சு, அஞ்சு நிமிஷ வேல.

ஃபேனும் அதே மாதிரிதான். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் வரும், எங்க கிளாஸ்ல 8 ஃபேன், மூணு மணி நேரம் நாங்க லேபுக்குப் போயிடுவோம், அங்க காலி பெஞ்சுக்கு காத்து ஓடிட்டு இருக்கும். 75 இன்ட்டு 8, 600 வாட், மூணு மணி நேரத்துக்கு 1.8 யூனிட். கடைசியா வெளிய வர்றவங்க ஸ்விட்ச்ச அணைக்கணும்னு பேசி வெச்சிருக்கோம், பாதி நாள் நடக்குது, பாதி நாள் மறந்துடறாங்க, நானே போய் அணைச்சிட்டு வரேன்.

ஸ்கூட்டி எடுத்துட்டுப் போலாம்ல, எதுக்கு பஸ்னு கேட்டிருந்தீங்க. போக வர கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், ஒரு லிட்டருக்கு மேல பெட்ரோல், ஒரு லிட்டர் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பஸ் எப்படியும் ஓடத்தான் போகுது. கன்னியக்கோயில் தாண்டி தவளக்குப்பம் வரைக்கும் தூங்கிட்டே போவேன், எனக்கு அதுவும் புடிக்கும்.

ஒரு நிமிஷம் அங்க பாருங்க, கேமராவ திருப்பறேன்... அந்த மணல்ல பெரிய டயர் தடம் மாதிரி தெரியுதா, அது பங்குனி ஆமை ராத்திரி ஏறி எறங்குன தடம். தை மாசத்துலேர்ந்து பங்குனி வரைக்கும் நம்ம கரைக்கு முட்டை போட வரும், வனத்துறையில முட்டைய எடுத்துட்டுப் போய் பத்திரமா பொரிக்க வெச்சு குஞ்ச கடல்ல விடுவாங்க. தடத்துக்குப் பக்கத்துலயே பாருங்க, ஒரு கவர். தண்ணில மெதக்கும்போது அது ஜெல்லி மீன் மாதிரியே இருக்கும், ஆமை முழுங்கிடும். இருங்க, எடுத்துட்டு வரேன்.

ம், எடுத்துட்டேன். போன வாரம் மறுபடியும் சாக்க கொட்டி எண்ணினேன். சாம்பார் கவர் 2, ரெண்டும் திடீர்னு வாங்கினது, கேரி பேக் 3, டீ கப் 1, தண்ணி பாட்டில் ஒன்னு கூட இல்ல, சிப்ஸ் கவர் 7, மொத்தம் 27. அதுல பாதிக்கு மேல என்னன்னா பால் பாக்கெட், அது அதே 14, ஒன்னு கூட கொறையல. அதுக்கு என்ன பண்றதுன்னு இத்தன நாளா தெரியாம இருந்தேன். நேத்து ஆயாதான் சொன்னாங்க, எங்க தெருக் கோடியில மாடு வெச்சிருக்கறவர் இன்னமும் காலையில அஞ்சரைக்கு கறந்து ஊத்தறாராம், பாத்திரம் எடுத்துட்டுப் போனா போதுமாம். ரெண்டு தூக்குல ஒன்னு ராத்திரி சாம்பாருக்கு, இன்னொன்னு காலியாத்தான் இருக்கு. நாளைக்கு காலையில எழுந்து போய்க் கேக்கறேன், குடுத்தாரா இல்லையான்னு அடுத்த வீடியோல சொல்றேன். மணி ஏழாச்சு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடணும், பை மக்களே.