மெல்ல மாறுகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அலுவலகத்தில் அடுத்த வாரம் முதல் வேலைமுறை மாறுகிறது என்று அறிவிப்பு வருகிறது. ஒருவர் அன்றைக்கே புதிய முறையைப் பழகத் தொடங்குகிறார். பக்கத்து இருக்கைக்காரர் முகம் இறுகிப்போய், "இப்போது இருப்பதில் என்ன குறை?" என்கிறார். உடனே அவருக்கு 'மாற்றத்துக்கு எதிரி' என்று பட்டம் கட்டிவிடுகிறோம். பல காலமாக என் மனத்தை உறுத்துவது இந்தப் பட்டம்தான்.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்று ஒரு தம்பதி. இருவரும் மனநல மருத்துவர்கள். 1956-இல் நியூயார்க்கில் கைக்குழந்தைகளைக் கவனிக்கத் தொடங்கி, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்தார்கள். பார்த்ததெல்லாம் அன்றாட விஷயங்கள்: முதல் குளியல், முதல் திட உணவு, முன்பின் தெரியாத விருந்தாளி. சுமார் 40 சதவீதக் குழந்தைகள் எதையும் எளிதாக ஏற்றன. 10 சதவீதம் வீறிட்டு அழுதன. இன்னொரு 15 சதவீதம் இருந்ததே, அவர்களைப் பற்றித்தான் நான் வாய் ஓயாமல் பேசுவேன். அந்தக் குழந்தைகள் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டன, அம்மாவோடு ஒட்டிக்கொண்டன. வற்புறுத்தாமல் அதே உணவை மறுபடி மறுபடி கொடுத்தபோது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டன. திணித்தால் இன்னும் ஒதுங்கின. எஞ்சிய குழந்தைகள் எந்த வகையிலும் முழுதாக அடங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மனிதர்களின் குணத்தை நான்கு ஆங்கில எழுத்துக்குள் அடைக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் போன்ற ஆளுமைத் தேர்வுகளை நான் அதிகம் நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம். அதே தேர்வைச் சில வாரம் கழித்து எழுதினால் பலருக்கு வேறு 'வகை' வந்துவிடுகிறது.

குழந்தையின் சுபாவத்தைவிட, அதற்கும் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்புக்கும் உள்ள பொருத்தமே முக்கியம் என்று தாமஸும் செஸும் கண்டார்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். மெல்ல மாறுகிறவருக்கு வேண்டியது அவகாசம். செய்தியை முன்கூட்டியே சொல்லுங்கள். எது மாறாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதியதைத் தனியாக, யாரும் பார்க்காதபோது தொட்டுப் பார்க்க விடுங்கள். கூட்டத்தின் நடுவில் எழுப்பி, "சம்மதமா?" என்று கேட்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன்: அவகாசம் கேட்பவர் மறுப்பவர் அல்லர். "என்ன குறை?" என்ற அவருடைய கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பாருங்கள். திட்டத்தில் உள்ள ஓட்டை பல நேரங்களில் அங்கேதான் தெரியவரும்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. மாற்றம் என்றாலே துள்ளி எழுகிறவர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள், வாழ்க்கை நிகழ்வுகள் ஒவ்வொன்றும் நம்மிடம் எவ்வளவு அனுசரிப்பைக் கேட்கின்றன என்று மதிப்பெண் போட்டார்கள். வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47, திருமணத்துக்கு 50. விரும்பி ஏற்ற மாற்றத்துக்கும் மனமும் உடலும் ஈடுகொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே, பதவி உயர்வு பெற்றுச் சிரித்த முகத்தோடு வரும் நண்பரை வாழ்த்தும்போது, இரவில் சரியாகத் தூங்குகிறாரா என்றும் கேளுங்கள். வணக்கம்.