போகும்போது ஒரு நேரம், நினைக்கும்போது ஒரு நேரம்

(காட்சி: பென்னாகரம் தாண்டி மலைச்சாலையில் இறங்கும் அரசுப் பேருந்து)

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். முதல் முறை போகிறவர்கள் பென்னாகரம் வந்ததுமே "இன்னும் எவ்வளவு தூரம்ண்ணா?" என்று கண்டக்டரைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். மலை இறக்கத்தில் வளைவு மேல் வளைவாக வரும்போது மறுபடியும் கேட்பார்கள். அருவியில் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, சாயங்காலம் அதே வழியில் திரும்பும்போது, "அதுக்குள்ள தர்மபுரி வந்துடுச்சா?" என்பார்கள். சாலை அதேதான், பஸ் ஓடிய நேரமும் ஏறக்குறைய அதேதான்.

வழி பழகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது என்று சட்டென்று சொல்லிவிடலாம். நெதர்லாந்து உளவியலாளர் நீல்ஸ் வான் டி வென் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுக்கிறது. சைக்கிளில் போனவர்களில் ஒரு பகுதியினரை, அதே தூரம் வருகிற வேறொரு வழியில் திரும்ப வைத்தார்கள். பழகாத வழிதான், ஆனாலும் அவர்களுக்கும் திரும்பும் பயணம் குறைவாகவே பட்டது. காரணம் எதிர்பார்ப்பு என்கிறது அந்தக் குழு. போகும்போது சீக்கிரம் போய்விடுவோம் என்று நினைக்கிறோம், நினைத்ததைவிட அதிக நேரம் ஆகிறது. அந்த அனுபவத்தோடு, திரும்பவும் இழுக்கப்போகிறது என்று மனதைத் தயார் செய்துகொண்டு ஏறுகிறோம். அவ்வளவு ஆகாததால் சீக்கிரம் வந்த மாதிரி இருக்கிறது.

வெளிச்சத்துக்குக் கண் இருக்கிறது, சத்தத்துக்குக் காது இருக்கிறது. நேரத்துக்கென்று தனியாக ஓர் உறுப்பு இல்லை. கவனம், எதிர்பார்ப்பு, நினைவு இவற்றை வைத்து மூளை ஒரு கணக்குப் போடுகிறது. இதில் நான் முக்கியமாக நினைப்பது, அந்தக் கணக்கு இரண்டு விதமாக நடக்கிறது என்பதுதான். நேரம் போய்க்கொண்டிருக்கும்போது ஒன்று, போன பிறகு திரும்பிப் பார்க்கும்போது இன்னொன்று. பல சமயம் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக வரும்.

(காட்சி: பேருந்து நிலையம், உச்சிவெயில்)

அரூர் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். போனில் சார்ஜ் இல்லை. வேறு வேலை இல்லாததால் கவனம் முழுக்க நேரத்தின் மேலேயே இருக்கிறது. பத்து நிமிடம் அரை மணி போல நீள்கிறது. ஆனால் ஒரு மாதம் கழித்து அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டால்? நினைவில் ஒன்றும் இருக்காது.

(காட்சி: இரவு, கூத்து மேடை, மிருதங்கச் சத்தம்)

இப்போது நம் பக்கத்து ஊர்களில் நடக்கும் பாரதக் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். ரசித்துப் பார்ப்பவருக்குக் கட்டியங்காரன் வந்ததும் தெரியாது, கிழக்கு வெளுத்ததும் தெரியாது. ஆனால் மறுநாள் அந்த இரவை நினைத்தால் அது எவ்வளவு பெரியதாக இருக்கிறது! யார் எந்த வேஷம் கட்டினார், எந்த இடத்தில் ஜனம் அழுதது என்று சொல்லிக்கொண்டே போகலாம். நிறைந்த நேரம் போகும்போது குறுகும், நினைக்கும்போது நீளும்; வெறும் நேரம் இதற்கு எதிர். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதை எழுதிவிட்டார்.

சரி, ஆபத்தில் நேரம் மெதுவாக ஓடுகிறது என்கிறார்களே, அது? தொப்பூர் இறக்கத்தில் லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து பக்கத்தில் வந்ததைப் பார்த்தவர் அப்படித்தான் சொல்வார். இதைச் சோதிக்க நரம்பியல் விஞ்ஞானி டேவிட் ஈகிள்மேன் குழு அமெரிக்காவில் ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலைக்குள் விழ வைத்தது. முடிவு 2007-இல் வெளியானது. மற்றவர் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரம் சராசரியாக 36 சதவீதம் அதிகம் என்று அவர்கள் கணித்தார்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்ததுதான். விழுகிறவரின் மணிக்கட்டில் ஒரு கருவி கட்டியிருந்தார்கள். அதில் எண்கள் சாதாரணமாகப் படிக்க முடியாத வேகத்தில் மாறி மாறி மின்னும். கண்ணுக்கு நேரம் உண்மையிலேயே மெதுவாகியிருந்தால் எண்ணைப் படித்திருக்க முடியும். முடியவில்லை. அதாவது அந்த நொடியில் எதுவும் மெதுவாகவில்லை. பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிந்ததால் பிறகு நீளமாகத் தோன்றியது என்பதே அவர்கள் தரும் விளக்கம்.

(காட்சி: இருண்ட குகை)

நினைவைக் காலியாக வைத்தால் என்ன ஆகும்? 1962-இல் பிரான்ஸைச் சேர்ந்த நிலவியலாளர் மிஷெல் சிஃப்ர் ஆல்ப்ஸ் மலையின் பனிக்குகை ஒன்றில் கடிகாரம் இல்லாமல் சுமார் இரண்டு மாதம் தனியாக இருந்தார். பகல் இல்லை, இரவு இல்லை. 120 நொடி எண்ணச் சொன்னபோது அவர் எண்ணி முடிக்கக் கிட்டத்தட்ட 5 நிமிடம் ஆனது. செப்டம்பர் 14 அன்று சோதனை முடிந்துவிட்டது என்று சொன்னபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. கிட்டத்தட்ட 25 நாள் காணாமல் போயிருந்தது.

"வயசாக ஆக வருஷம் ஓடுது" என்ற புலம்பலையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். விட்மன், லென்ஹோஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 14 முதல் 94 வயது வரையிலான 499 பேரிடம் கேட்டு 2005-இல் வெளியிட்டார்கள். வயது கூடக் கூட, கடந்த பத்து வருடம் வேகமாகப் போனதாகச் சொன்னவர்கள் அதிகம். ஆனால் கடந்த வாரம், கடந்த மாதம் என்று கேட்டால் இளைஞருக்கும் முதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, ஓட்டம் தெரிவது நீண்ட காலத்தைத் திரும்பிப் பார்க்கும்போதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஓசூருக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறவருக்கு ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் வித்தியாசம் குறைவு. நினைவு எதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்? உழைப்பு குறைவில்லை, ஆனால் வருடம் சின்னதாகிவிடுகிறது. இது அவருடைய தப்பு இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வரும் ஞாயிறு ராத்திரி ஒரு தாளில், போனைப் பார்க்காமல், போன ஏழு நாளுக்கும் நாளுக்கு ஒன்றாக நினைவில் இருப்பதை எழுதிப் பாருங்கள். அப்புறம் தீர்த்தமலைக்கோ கே.ஆர்.பி. அணைக்கோ போய்வந்த வாரத்திலும் அதையே செய்யுங்கள். ஷிஃப்டில் இருப்பவர்கள் ஷிஃப்ட் மாறும் வாரத்தையும் மாறாத வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.