வராதவர்களின் பட்டியல்

எல்லோருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் அறையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். காலையில் பெயர்ப் பட்டியலை எடுத்து வைப்போம். மாலையில் பார்த்தால் சில பெயர்களுக்கு எதிரே டிக் இருக்காது. "விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

அழைப்புக் கடிதம் யாருக்குப் போகிறது? வலி இல்லாமல், கட்டி இல்லாமல் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு. உடம்புக்கு முடியாதவர் தானாகவே டாக்டரிடம் போவார். நன்றாக இருப்பவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்கிறோம். அது சின்ன விஷயமில்லை.

பிரிட்டனில் 1988இல் தொடங்கிய அரசுத் திட்டம், 50 வயதிலிருந்து 71ஐ எட்டும்வரை 3 ஆண்டுக்கு ஒருமுறை பெண்களை அழைக்கிறது. முதல் கடிதத்துக்கு வராதவர்களை வைத்து அங்கே ஓர் ஆய்வு செய்தார்கள். சிலருக்கு "போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று இரண்டாவது கடிதம் போனது. மற்றவர்களுக்கு நாளையும் நேரத்தையும் குறித்தே அனுப்பினார்கள். முன்னதற்கு 100க்கு 12 பேர் வந்தார்கள். பின்னதற்கு 22 பேர்! நோய் அதேதான், இயந்திரமும் அதேதான்.

சரி, பயம் இல்லையா? உண்டு. இரண்டு தகடுகளுக்கு நடுவே மார்பை அழுத்துவோம். பக்கத்துக்கு இரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் சில விநாடிகள். வலிக்காது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சிலருக்கு வலிக்கும். "நிறுத்துங்கள் என்றால் உடனே நிறுத்திவிடுவேன்" என்பேன். அதைக் கேட்டதும் இறுக்கிப் பிடித்த தோள் மெல்ல இறங்கும். தோள் தளர்ந்தால் படமும் நன்றாக விழும். (அன்று மட்டும் அக்குளில் பவுடர் வேண்டாம். சுண்ணாம்புப் புள்ளிகள் சில சமயம் புற்றுநோயின் அடையாளம். பவுடரும் படத்தில் அதே மாதிரி தெரிந்து எங்களைக் குழப்பும்.)

மறுபடி கூப்பிட்டால் புற்றுநோய்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரிட்டன் கணக்கில் 100 பேரில் சுமார் 4 பேரைத் திரும்ப அழைக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் நோய்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2012இல் பிரிட்டனின் பொதுச் சுகாதாரப் பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு, அழைக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 20 சதவீதம் குறைகிறது என்று மதிப்பிட்டது. கூடவே, ஒரு மரணம் தடுக்கப்பட்டால், வாழ்நாளில் தொல்லையே தந்திருக்காத புற்றுநோய்க்குச் சுமார் 3 பேர் சிகிச்சை பெறுகிறார்கள் என்றும் சொன்னது. இதைச் சொன்னால் கூட்டம் குறையும் என்பார்கள். குறையட்டுமே. தெரிந்துகொண்டு வராமல் இருப்பது வேறு, வர வழியில்லாமல் இருப்பது வேறு.

ஒருநாள் ஒரு அம்மா வந்தார். கைப்பையிலிருந்து எட்டாக மடித்த கடிதத்தை எடுத்தார், மடிப்புகள் கிழிந்திருந்தன. தேதியைப் பார்த்தேன், போன வருடத்துக் கடிதம். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டுவிட்டு வர முடியவில்லையாம். அன்றைக்குத்தான் மகளுக்கு லீவு. "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றால் எப்போதோ வந்திருப்பேனே" என்றார்.

நாங்கள் ஐந்து மணிக்கே பூட்டிவிடுவோம்.