வெறும் மணலும் தண்ணீரும்

(கடலோர ஓவியக் கண்காட்சித் திறப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கண்காட்சியைத் திறந்து வைத்ததோடு நில்லாமல் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கும் வருவாய்த் துறை அதிகாரி அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, மீனவர் பஞ்சாயத்துப் பெரியவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்த நூலகக் குழுவினரே, உட்கார இடமின்றிப் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாக வண்ணப்பெட்டி தந்து சிறப்பித்த விழாக் குழுவினருக்குத் தனியாக ஒரு நன்றி. பொன்னாடை பீரோவுக்குள் போயிருக்கும். இது என் பேத்தியின் கைக்குப் போகும்.

ஆளரவமற்ற கடற்கரையிலே கலைஞனுக்கு ஒளி கிடைக்கிறது, ஓசை கிடைக்கிறது, நினைவு கிடைக்கிறது. இம்மூன்றையும் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

முதலில் ஒளி. நம் சோழமண்டலக் கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுகிறான். பத்து மணிக்கெல்லாம் மணல் வெளுத்துக் கண் கூசத் தொடங்கிவிடும். மாலையிலோ அவன் நம் முதுகுக்குப் பின்னால் இறங்குவதால், வெளிச்சம் நம்மைத் தாண்டிப் போய் அலையின் முகத்தில் விழுகிறது. அப்போது ஈரமணல் ஒரு நிறமும் காய்ந்த மணல் வேறொரு நிறமும் கொள்வதை, கூட்டம் நிறைந்த கடற்கரையில் எவரும் கவனிப்பதில்லை. சங்கப் புலவர்கள் கவனித்தார்கள். கரையில் படரும் அடும்பங்கொடியின் பிளவுபட்ட இலையை மானின் அடிக்கும், அதன் பூவைக் குதிரை மாலையின் மணிக்கும் ஒப்பிட்டுக் குறுந்தொகையில் ஒருவர் பாடியிருக்கிறார். மணலோடு மணலாகக் குனிந்து பார்த்தவருக்கே அந்த உவமை வாய்க்கும்.

"அலை ஓய்ந்து தலை முழுகுவது எப்போது?" என்பார்கள் நம் முன்னோர். எனக்கு மிகவும் பிடித்த பழமொழி இது. இன்னொரு முறையும் சொல்வேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பொரு சமயம் ஓவிய மாணவர் சிலரை இதே கரைக்கு அழைத்து வந்தோம். அவர்களில் ஒரு தம்பி வெற்றுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஏதாவது ஒரு படகு வரட்டும், வரைந்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். படகு வரவில்லை. பக்கத்தில் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர், "என்ன தம்பி, தூண்டிலும் இல்லாம காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றார். "வரையறதுக்கு ஒண்ணுமே இல்ல தாத்தா, வெறும் மணலும் தண்ணியும்தான்" என்றார் தம்பி. பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அந்தா, தண்ணி மேல கோடு இழுத்தாப்பல கருக்குதே, அது ஒண்ணுமில்லையா? காத்து மாறுது; கொண்டல் எறங்கப் போவுது. அதுக்கு இந்தப் பக்கம் கலங்கல், அந்தப் பக்கம் பச்சை, அதையும் தாண்டினா நீலம். இந்த நண்டு வளையைச் சுத்தி மணலை உருட்டி உருட்டி வச்சிருக்கே, இது ஒண்ணுமில்லையா?" என்று அரை மணி நேரம் கரையைக் காட்டினார். தம்பிக்கு வேகம் வந்துவிட்டது. வரைந்து முடித்துப் படத்தைப் பெரியவரிடம் நீட்டினார். அவர் நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நான் காட்டினது எல்லாம் இருக்கு. நான் எங்க?" என்றார். தம்பி மூலையில் ஒரு புள்ளியைக் காட்டினார். "இத்தினூண்டா நானு?" "கடல் பெரிசு தாத்தா." "அது தெரியாமத்தான் நாப்பது வருசமா அதுல போயிட்டு வரேனா?" என்றார் பெரியவர். நீங்கள் சிரிப்பதைப் போலவே அன்று மாணவர்களும் சிரித்தார்கள்.

1966ஆம் ஆண்டில் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியப் பள்ளியைச் சேர்ந்த கலைஞர்களும், மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தைக் கொண்டு இஞ்சம்பாக்கத்து மணல்வெளியில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கினார்கள். அரசு மானியம் வரட்டும், மின்கம்பம் வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால்? அலை ஓய்ந்து தலை முழுகுவது எப்போது? இதில் நான் வியப்பது வேறொன்று. கடலருகே குடியேறிய பணிக்கர் கடலையே வரைந்துகொண்டிருக்கவில்லை. எழுத்தும் கணக்கும் சாதகக் கட்டமும் போன்ற குறிகள் நிறைந்த படங்களையே தொடர்ந்து வரைந்தார். வெற்றுக்கரை அவருக்குக் கொடுத்தது கருப்பொருளை அன்று, குறுக்கீடு இல்லாத மனத்தை என்றே நான் கருதுகிறேன்.

நினைவுக்குத் தனுஷ்கோடியைச் சொல்லலாம். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் அழித்த அந்த ஊரில், கூரையிழந்த தேவாலயச் சுவரும் மணலும் நெடுங்காலம் தனித்து நின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பின் வாகனங்கள் வரிசையாக வருகின்றன. சாலையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே பிழைக்கும் மீனவர்களுக்கு அது தேவை. ஆனால் எல்லாக் கரைக்கும் அந்த வரிசை வரத்தான் வேண்டுமா?

அம்மையார் அவர்களே, நம் ஊருக்குத் தெற்கேயுள்ள மணல்மேட்டைச் சமன்செய்து, சிமெண்டு இருக்கைகளும் செல்ஃபி மேடையும் உயர்கோபுர விளக்கும் அமைக்கும் யோசனை இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளை மிக நொய்ந்த பகுதிகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அடும்பங்கொடியைப் பிடுங்கினால் மணலைப் பிடித்துவைக்க எதுவும் இராது. தை, மாசியில் ஆமைகள் முட்டையிடும் கரை அது. பொரித்த குஞ்சுகள் கடலை விட்டு விளக்கை நோக்கி ஊர்ந்து செத்துப்போகும். விளக்கை ஊருக்குள் வையுங்கள். மீன் ஏலமிடும் இடத்துக்கு அது உண்மையிலேயே வேண்டும்.

ஓசையைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். திட்டம் கைக்கு வரட்டும், பார்க்கலாம் என்று இருந்தால், மறுபடியும் சொல்கிறேன், அலை ஓய்ந்து தலை முழுகுவது எப்போது? வரும் அக்டோபர் 2 கிராம சபையில், மணல்மேடு இப்போதுள்ளபடியே இருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். கையெழுத்து ஏடு வாசலில் தேநீர் மேசைக்கு அருகே இருக்கிறது. தேநீருக்கு முன் ஏட்டைப் பாருங்கள். வாக்குரிமை இல்லாத மாணவர்கள் அந்த மேட்டை ஆளுக்கொரு படமாக வரைந்து கொடுங்கள். தீர்மானத்தோடு சேர்த்து அளித்துவிடுவோம்.